மேஸ்திரி வெற்றிலை மடிக்கும் நேரம்

நான் எந்த விளையாட்டிலும் ஜெயித்தவன் இல்லை. கேரமில் காய் அசையாமல் நிற்கும், என் ஸ்டிரைக்கர் குழிக்குள் போகும். சீட்டைக் கையில் எடுத்தால் என் முகத்தைப் பார்த்தே என்னிடம் என்ன இருக்கிறது என்று எதிரே இருப்பவன் சொல்லிவிடுவான். எஸ்டேட் பையன்கள் கிரிக்கெட் ஆடும்போது, தேயிலைச் செடிக்குள் விழுந்த பந்தைத் தேடுவதற்கென்றே என்னைச் சேர்த்துக்கொள்வார்கள். தேடுவதில் கொஞ்சம் நல்ல பேர் வாங்கியிருந்தேன். இப்படிப்பட்ட ஒருத்தன் மலையை விட்டு இறங்கி, கோயம்புத்தூரில் ஒரு பல்கலைக்கழகத்தில் உட்கார்ந்து, விளையாட்டுகளை உருவாக்குவது எப்படி என்று படித்தான்.

குன்னூருக்குக் கீழே, பர்லியார் போகும் ரோட்டிலிருந்து பிரிந்து இறங்கும் ஒரு எஸ்டேட்டில் எங்கள் லயம், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு. கேம் டிசைன் படிக்கப் போகிறேன் என்றதும் லயம் முழுக்க நான் டிரில் மாஸ்டர் ஆகப்போகிறேன் என்று முடிவு செய்துவிட்டார்கள். பக்கத்து வீட்டு அத்தை என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, பத்தடி ஓடினாலே மூச்சு வாங்கும் பிள்ளைக்கு எந்தப் பள்ளிக்கூடத்தில் வேலை கொடுப்பார்கள் என்று அம்மாவிடம் கவலையாகக் கேட்டாள். இல்லை அத்தை, போனில் ஆடுவார்களே, அதை யோசித்து உண்டாக்குவது என்று விளக்கினேன். அதற்கு அவள் இன்னும் கவலைப்பட்டாள்.

அத்தை என்றால் சொந்த அத்தை இல்லை. அம்மாவும் அவளும் இலங்கையில் ஒரே தோட்டத்தில் பிறந்து, ஒரே கப்பலில் வந்து, ஒரே லயத்தில் அடுத்தடுத்த காம்பராவில் குடி வைக்கப்பட்டவர்கள். காம்பரா என்பது லயத்து அறை. அந்தச் சொல்லையும் அவர்கள் கப்பலிலேயே கொண்டுவந்திருந்தார்கள்.

நான் பள்ளியில் இருக்கும்போதே அப்பா போய்விட்டார். அதன் பிறகு எஸ்டேட்டின் செக்ரோலில், அதாவது ஆட்களின் பேர்ப் பட்டியலில், எங்கள் வீட்டிலிருந்து ஒரே ஒரு பேர்தான் இருந்தது, அம்மாவுடையது. பேர் இருக்கும்வரை காம்பரா உண்டு. பேரை அடித்துவிட்டால் மூட்டை கட்ட வேண்டும். இவ்வளவுதான் எங்கள் வாழ்க்கையின் சட்டதிட்டம்.

அம்மாவின் பேர் அடிக்கப்பட்டதற்குத் தேயிலை விலை விழுந்ததுதான் காரணம் என்று இன்றும் எல்லோரும் சொல்கிறார்கள். என்னிடம் அன்பாக இருப்பவர்கள் அதைக் கொஞ்சம் சத்தமாகவே சொல்கிறார்கள். விலை விழுந்தது உண்மை. பேரை அடிக்க வழி காட்டியது நான். அதை எழுத வேண்டும் என்று பல வருடமாக நினைத்து, ஒவ்வொரு முறையும் வேறு ஏதாவது வேடிக்கையாக எழுதித் தப்பித்திருக்கிறேன்.

முதல் வருடம் 'விளையாட்டு வடிவமைப்பின் அடிப்படைகள்' என்று ஒரு பாடம். கம்ப்யூட்டரைத் தொடவே விடமாட்டார்கள். அட்டை, கத்தரிக்கோல், பகடை, இவ்வளவுதான். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் மாதிரி ஒட்டிக்கொண்டும் வெட்டிக்கொண்டும் இருந்தோம். பாடம் எடுத்த மேடம் சிரித்து நான் பார்த்ததில்லை. விளையாட்டைப் பற்றி அவ்வளவு கடுகடுப்பாகப் பேசக்கூடிய இன்னொரு மனுஷியை நான் இதுவரை சந்திக்கவில்லை.

அவர் சொன்னவை எல்லாம் இன்னும் நினைவிருக்கிறது. ஆட்டம் என்றால் ஒரு குறிக்கோள் வேண்டும், அதை அடையவிடாமல் தடுக்கிற விதி வேண்டும். ஜெயிப்பவன் மேலும் மேலும் ஜெயித்து, தோற்பவன் மேலும் மேலும் தோற்றுக்கொண்டே போனால் அந்த ஆட்டம் கெட்டுவிட்டது. விதியை எழுதுவது நீ, ஆனால் அந்த விதியை வைத்துக்கொண்டு ஆடுகிறவர்கள் என்ன செய்வார்கள் என்று உனக்குத் தெரியாது, அதனால் ஆடவிட்டுப் பார். பார்க்கும்போது வாயை மூடிக்கொண்டு பார். ஆட்டம் நன்றாக இருக்கிறது என்று எல்லோரும் மரியாதைக்குச் சொல்வார்கள். அதைக் கேட்காதே. "அவங்க வாயைப் பாக்காத, கையைப் பாரு," என்பார்.

இன்னொன்றும் சொன்னார். ஆட்டத்தைச் சுற்றி ஒரு கோடு இருக்கிறது, கோட்டுக்குள் நடப்பது கோட்டுக்கு வெளியே போகாது, அதனால்தான் மனிதர்கள் பயமில்லாமல் தோற்கிறார்கள் என்று. இதை நான் நோட்டில் எழுதி, அடியில் இரண்டு முறை கோடும் போட்டுவைத்தேன்.

முதல் முறை நான் செய்துகொண்டு போனது டிராகன்களும் ராஜாக்களும் வாள்களும் உள்ள ஒரு ஆட்டம். நான்கு பேர் உட்கார்ந்து முக்கால் மணி நேரம் ஆடினார்கள். பகடை உருண்டது, டிராகன் வந்தது, யாரோ செத்தார்கள், மறுபடி பகடை உருண்டது. மேடம் கடைசிவரை பார்த்துவிட்டு, "இது கேம் இல்லப்பா. லாட்டரி. நீ டிராகனைப் பாத்திருக்கியா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்ப பாத்ததைப் பண்ணு," என்று அரியர் போட்டார். இரண்டாவது முறையும் போனால் அந்த வருடமே போய்விடும்.

பார்த்ததைப் பண்ணு என்றால் நான் என்னத்தைப் பார்த்தேன்? தேயிலையைப் பார்த்தேன்.

அந்த விடுமுறைக்கு நான் வீட்டுக்கு வந்தபோது எஸ்டேட் பாதி தூங்கிக்கொண்டிருந்தது. குன்னூர் ஏலத்தில் தூளை வாங்க ஆளில்லை என்றார்கள். ஃபேக்டரிச் சங்கு தினமும் ஊதுவது நின்று, நினைத்தால் ஊதியது. வாரத்தில் மூன்று நாள்தான் வேலை. கிளை வெட்டிக் கவாத்து செய்யாமல் விட்ட தேயிலைக் காடுகளில் செடி ஆள் உயரத்துக்கு வளர்ந்து, உள்ளே காட்டெருமைகள் படுத்திருந்தன. வேலையில்லாத நாட்களில் பெண்கள் துவைத்த துணியையே மறுபடி துவைத்தார்கள். வீட்டில் சும்மா உட்கார அவர்களுக்கு வெட்கமாக இருந்தது.

ஆட்குறைப்பு வரும் என்ற பேச்சு இருந்தது. யாருடைய எடை அடிக்கடி குறைகிறதோ அவர்கள் பேரை முதலில் அடிப்பார்கள். ஒரு நாளைக்கு இவ்வளவு கிலோ கொழுந்து பறித்தால் முழுப் பேர், அதாவது முழு நாள் கூலி, போடுவார்கள், குறைந்தால் அரைப் பேர். ஒரு மாதத்தில் மூன்று அரைப் பேர் விழுந்தால் ஆள் வெளியே. ஆனால் எத்தனை வாரம் போயும் யாருக்கும் அரைப் பேர் விழவில்லை. ஆபீஸில் ஆச்சரியப்பட்டிருப்பார்கள். நானும் ஆச்சரியப்பட்டேன். நான் அதை ஆட்டமாகவே செய்துவிட்டேன்.

பழைய மாதக் காலண்டரைக் கிழித்து, பின்பக்கத்தில் காடு வரைந்தேன். புளியங்கொட்டைதான் கொழுந்து. பகடையைப் போட்டுப் பாத்தியில் நகர வேண்டும், நின்ற இடத்துக்குத் தக்கபடி கொட்டை எடுக்க வேண்டும். சுற்று முடியும்போது இருபது கொட்டை இருந்தால் முழுப் பேர். மழைச் சீட்டு, அட்டைப்பூச்சிச் சீட்டு, காட்டெருமைச் சீட்டு என்று எழுதினேன். ஏலத்தில் விலை விழுந்தது என்று ஒரு சீட்டு, அது வந்தால் முழுப் பேருக்கு இன்னும் இரண்டு கொட்டை கூடும். தோற்பவர் மேலும் தோற்கும் ஆட்டம். கெட்டுப்போன ஆட்டம்தான், ஆனால் பார்த்தது அதுதானே.

ஒரு வேலையில்லாத மத்தியானம் அம்மா, அத்தை, நான் அக்கா என்று கூப்பிடும் அத்தையின் மருமகள், மூவரையும் பாயில் உட்காரவைத்தேன். பக்கத்தில் நோட்டோடு வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். நான் வாயை மூடியது அவர்களுக்கு உடனே பிடித்துப்போனது.

மூன்று சுற்று ஆடினார்கள். மூன்று சுற்றிலும் எல்லோருக்கும் முழுப் பேர். எனக்குப் புரியவில்லை. அம்மா போட்ட பகடையை நான் கூட்டிப் பார்த்தேன், அவளிடம் பதினாறு கொட்டைக்கு மேல் இருக்க வழியே இல்லை. ஆனால் எண்ணினால் இருபது. நாலாவது சுற்றில் நான் முகங்களை விட்டுவிட்டுக் கைகளைப் பார்த்தேன். அக்கா கூந்தலைச் சரிசெய்துகொண்டே இரண்டு கொட்டையை அம்மாவின் முழங்காலுக்கடியில் தள்ளினாள். அத்தை சீட்டைப் படித்துக் காட்டச் சொல்லி என்னிடம் நீட்டினாள், நான் படிப்பதற்குள் அவளுடைய இடது கையிலிருந்து இரண்டு கொட்டை போய்விட்டது. அம்மா யாரையும் பார்க்காமல், ஏதோ மழைவரும் போல இருக்கிறதே என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் குதித்து எழுந்து கள்ளாட்டம் என்று கத்தினேன். மூவரும் என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் கொட்டைகள் பாயெங்கும் உருண்டன.

"கள்ளாட்டமா? நாங்க காட்டுல ஆடுறதத்தான் இங்க ஆடுறோம். நீதானே எங்க வேலையப் போல செஞ்சிருக்கேன்னு சொன்ன?" என்றாள் அத்தை.

அன்றுதான், அத்தை சொல்லி, எனக்குத் தெரிந்தது. அம்மாவுக்கு வலது கையில் இரண்டு விரல்களில் உணர்ச்சி இல்லை. நாற்று வளர்க்கும் நர்சரியில் எப்போதோ கத்தி பட்டது, காயம் ஆறியதும் சரியாகிவிட்டது என்று நினைத்திருந்தேன். கொழுந்து எது, முற்றின இலை எது என்று விரல்தான் சொல்ல வேண்டும். அம்மாவுடைய விரல்கள் சொல்வதில்லை. அவள் கண்ணால் பார்த்துப் பார்த்துப் பறிப்பாள், அதனால் வேகம் குறைவு. நாளின் கடைசியில் எடைக்கு வரிசையாக நிற்கும்போது, பக்கத்தில் நிற்பவர்கள் தங்கள் பையிலிருந்து ஆளுக்கு ஒரு பிடி அவளுடைய பைக்குள் போடுவார்கள். அவளுக்கு மட்டுமில்லை, அன்றைக்குக் காய்ச்சலாக இருப்பவளுக்கு, பிள்ளைத்தாய்ச்சிக்கு, யாருக்குக் குறைகிறதோ அவளுக்கு. தன் எடை குறையுமே என்று யாரும் பார்ப்பதில்லை.

எடை போடும் மேஸ்திரிக்கு இது தெரியும். அவர் சரியாக அந்த நேரத்தில் தராசுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, மடியிலிருந்து வெற்றிலையை எடுப்பார். காம்பைக் கிள்ளுவார். சுண்ணாம்பு தடவுவார். பாக்கைத் தேடுவார். உலகத்தில் எந்த மனிதனும் ஒரு வெற்றிலையை மடிக்க அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டிருக்க மாட்டான். மடித்து வாயில் போட்டுக்கொண்டு திரும்பும்போது எல்லோருடைய எடையும் சரியாக இருக்கும்.

இதைக் கேட்டதும் நான் என்ன செய்திருக்க வேண்டும்? அம்மாவின் கையைப் பிடித்துப் பார்த்திருக்கலாம். நான் நோட்டைப் பிடித்தேன். இரவு பகலாக யோசித்தாலும் கிடைக்காத ஒரு விதி தானாக வந்து மடியில் விழுந்திருக்கிறது என்று எனக்கு ஒரே சந்தோஷம். உடனே புதிதாக ஒரு சீட்டு எழுதினேன். 'மேஸ்திரி வெற்றிலை மடிக்கிறார். அவர் திரும்புவதற்குள் யார் வேண்டுமானாலும் யாருக்கு வேண்டுமானாலும் ஒரு பிடி கொடுக்கலாம்.' ஆடுகிறவர்களுக்கு ஆளுக்கொரு குணம் இருந்தால் நன்றாக இருக்கும் என்று நான்கு பெண்களை அட்டையில் வரைந்தேன். ஒருத்திக்கு வேகமான கை, ஒருத்திக்கு நீளமான கை, ஒருத்தி புதுசு. நாலாமவளுக்கு இரண்டு விரல் செத்துப்போனது. அவளால் கொட்டையில் பாதிதான் எடுக்க முடியும்.

படத்தைப் பார்த்துவிட்டு, "மூக்கு கொஞ்சம் பெருசாப் போச்சு," என்று மட்டும் சொன்னாள் அம்மா.

ஆட்டம் பிரமாதமாக வேலை செய்தது. இப்போது அது கொட்டை பொறுக்கும் ஆட்டம் இல்லை. யாருக்குக் கொடுப்பது, கொடுத்தால் நமக்கு மிஞ்சுமா, அடுத்த சுற்றில் அவள் திருப்பிக் கொடுப்பாளா என்று ஒவ்வொரு சுற்றும் மூச்சைப் பிடிக்க வைத்தது.

பாக்கி இருந்தது ஒன்றுதான். தெரியாதவர்களை வைத்து ஆடவிட்டு, அவர்களுடைய கருத்தையும் கையெழுத்தையும் ஒரு தாளில் வாங்கிக்கொண்டு போக வேண்டும். வீட்டு ஆட்கள் கணக்கில் வரமாட்டார்கள் என்று மேடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். எங்கள் எஸ்டேட்டில் தெரியாதவர்கள் என்றால் யார்? காட்டெருமைகளும் புது சூப்பர்வைசரும்தான்.

சூப்பர்வைசர் அவிநாசிப் பக்கத்துக்காரர், வந்து சில மாதம்தான் ஆகியிருந்தது. தனி ஆள், குளிருக்கு இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு சாயந்தரமானால் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். பேச ஆளில்லை. நான் கடை மேஜையில் காலண்டரை விரித்து, கடைக்காரரையும் பஸ்ஸுக்கு நின்ற இரண்டு பேரையும் கெஞ்சிக்கொண்டிருந்தபோது அவராகவே எழுந்து வந்தார்.

"ஏனுங்க தம்பி, நானும் ஒரு ஆட்டம் போடலாமுங்களா?"

நன்றாக ஆடினார். முதல் ஆட்டத்தில் தோற்றார், ஆனால் ஏன் தோற்றோம் என்று யோசிப்பது முகத்தில் தெரிந்தது. இரண்டாவது ஆட்டம் கேட்டு வாங்கி ஆடினார். நடுவில் வெற்றிலைச் சீட்டை எடுத்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"இது சும்மா வேடிக்கைக்கு வெச்சிருக்கறதுங்களா?"

என் வாழ்நாளில் யாரும் என் ஆட்டத்தைப் பற்றி அவ்வளவு அக்கறையாக ஒரு கேள்வி கேட்டதில்லை. நெஞ்சு விரிந்துவிட்டது. டிராகனைச் செய்தவன் என்ற அவமானத்தை அங்கேயே கழுவிவிட வேண்டும் என்று தோன்றியது.

"இதுல கற்பனையே கிடையாதுங்க சார். எல்லாம் நேர்ல பாத்து எழுதினது," என்றேன்.

அவர் நாலாமவளின் அட்டையைக் கையில் எடுத்துக் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். பிறகு ஆட்டத்தைத் தொடர்ந்தார், ஜெயித்தார். தாளில், ஆட்டம் மிகவும் உண்மையாக உள்ளது என்று அழகான கையெழுத்தில் எழுதித் தந்தார். டீக்கும் அவரே கொடுத்தார். நான் துள்ளிக் குதித்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன், மறுநாள் கோயம்புத்தூருக்கு இறங்கினேன். மேஸ்திரி திரும்பி நிற்பது எதற்கு என்று எனக்குத் தெரியாமல் இருந்திருந்தால் இதை முட்டாள்தனம் என்று விட்டுவிடலாம். தெரிந்து, சீட்டிலும் எழுதி, அதை யாரிடம் காட்டக் கூடாதோ அவரிடமே காட்டிப் பாராட்டும் வாங்கிக்கொண்டேன்.

வகுப்பில் மேடம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு தானே உட்கார்ந்து ஆடினார். முடிந்ததும் வெற்றிலைச் சீட்டை மற்ற மாணவர்களுக்குத் தூக்கிக் காட்டினார். விதிக்குள் மனிதர்கள் எப்படி ஒரு சந்து கண்டுபிடிக்கிறார்கள் பாருங்கள், இவன் அந்தச் சந்தை அடைக்காமல் அதையே ஆட்டத்தின் மையமாக்கியிருக்கிறான், அடிப்படைகள் என்று நான் வருடம் முழுக்கக் கத்தியது இதைத்தான் என்றார். சிரிக்கவில்லை, ஆனால் சிரிப்பதற்கு மிக அருகில் வந்தார். வகுப்பிலேயே அதிக மார்க் எனக்கு.

சாயந்தரம் அம்மாவுக்குப் போன் போட்டேன். அவள் கேட்டு முடித்து, ரொம்ப சந்தோஷம் என்றாள். அப்புறம், குளிர் எப்படி இருக்கிறது என்பது போன்ற சாதாரணக் குரலில் தோட்டத்துச் செய்தியைச் சொன்னாள். மேஸ்திரியை நர்சரிக்கு மாற்றிவிட்டார்களாம். இப்போதெல்லாம் தராசு கீழே இல்லையாம், சூப்பர்வைசரே பாத்திக்குப் பாத்தி கொண்டுவந்து, செடியோரத்திலேயே எடை போட்டு, பையின் வாயைக் கட்டி நம்பர் சீட்டு மாட்டிவிடுகிறாராம். அவளுக்கு அந்த வாரம் இரண்டு அரைப் பேர் விழுந்துவிட்டது.

 சூப்பர்வைசர் உன்னிடம் ஏதாவது கேட்டாரா என்றேன். கேட்கவில்லை, கையை மட்டும் பார்த்தார் என்றாள்.

விடிந்ததும் பஸ் ஏறினேன். அவர் எடைக்குக் கிளம்பும் முன் எட்டாம் நம்பர் காட்டுக்குப் போகும் வழியில் பிடித்தேன். பஸ்ஸில் வரும்போதே தயார் செய்து வைத்திருந்த பொய்யைச் சொன்னேன். அந்த ஆட்டம் முழுக்கக் கற்பனை, மார்க்குக்காக ஜோடித்தது, ஆடுகிறவர்களுக்குச் சுவாரசியமாக இருக்கட்டுமே என்று நானாகச் சேர்த்தது என்றேன். முகத்தைப் பார்த்தே என் கையில் இருப்பதைச் சொல்லிவிடுவார்கள் என்று முன்பே சொன்னேனே.

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் திருப்பித் திட்டியிருப்பேன்.

"மேல இருந்து பத்துப் பேரு லிஸ்ட் கேட்டு உசுரை வாங்குறாங்க தம்பி. ரெண்டு மாசமா இழுத்துட்டு இருந்தேன். எடை நோட்டைப் பாத்தா ஒருத்தருக்கும் குறையல. நான் யாரை எழுதறது, சொல்லுங்க? லிஸ்ட் குடுக்கலைன்னா என் வேலை போயிரும்." செருப்பிலிருந்த சேற்றை ஒரு கல்லில் தேய்த்தார். "உங்க ஆட்டம் நல்லாத்தான் இருந்துச்சுங்க. அதைப் பொய்யின்னு சொல்லிக் கெடுத்துக்காதீங்க."

அம்மாவையாவது விட்டுவிடுங்கள் என்று கேட்டேன். அப்படியானால் யாரை எழுதட்டும், பேர் சொல்லுங்கள் என்றார். நிஜமாகவே கேட்டார். நான் ஒரு பேரைச் சொல்வேன் என்று எதிர்பார்த்து நின்றார். ஒரு கணம் என் மனசுக்குள் இரண்டு மூன்று பேர்கள் வந்து போயின. அதை இதற்கு முன் யாரிடமும் சொன்னதில்லை. எந்தப் பேரையும் கொடுக்காமல் திரும்பிவிட்டேன்.

வீட்டு வாசலில் அத்தை விறகு உடைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. டீக்கடையில் நான் விரித்த காலண்டரைப் பற்றிய பேச்சு அதற்குள் லயம் பூராவும் சுற்றியிருந்தது. அரிவாளைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"எங்க கையையே பாத்துக்கிட்டு இருந்தியே, வாயப் பாத்தியா? உங்கிட்ட சொன்ன அன்னிக்கு வரைக்கும், இருவது வருசமா ஒருத்தி இதப் பத்தி வாயத் தொறந்திருப்பாளா? உங்க அம்மாகிட்டயே நாங்க பேசினது இல்லடா."

அதன்பின் அவள் என்னிடம் பேசவில்லை. வெகு காலம் பேசவில்லை.

உள்ளே போய் அம்மாவிடம் என்னால்தான் என்றேன். தெரியும் என்றாள். தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டே, நான் சொல்லாமல் இருந்திருந்தாலும் விரல் ஒன்றும் சரியாகியிருக்காது, இன்னும் கொஞ்ச நாள் ஓடியிருக்கும், அவ்வளவுதான் என்றாள். அந்த 'இன்னும் கொஞ்ச நாள்' என்னவாக இருந்திருக்கும் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஒரு வருடமாக இருந்திருக்கலாம். விலை ஏறியிருக்கலாம். என் படிப்பு முடிந்து, நானே மரியாதையாக அவளைக் கூட்டிக்கொண்டு போயிருக்கலாம்.

மூன்றாவது அரைப் பேர் அந்த வியாழக்கிழமையே விழுந்தது. அக்காவும் மற்றவர்களும் தலை நிமிராமல் பறித்துக்கொண்டிருந்தார்களாம். எடை போட்ட பிறகு கட்டின பைக்குள் ஒரு பிடியை எப்படிப் போடுவது? காம்பராவைக் காலி செய்ய ஒரு மாதம் கொடுத்தார்கள். சூப்பர்வைசர் பத்துப் பேரையும் எழுதிக் கொடுத்தார், அம்மாவின் பேர்தான் முதலில் இருந்தது. அடுத்த மழைக்காலத்தில் அவர் வேலையும் போய்விட்டது. அதைக் கேட்டு எனக்குக் கொஞ்சமாவது சந்தோஷம் வரும் என்று காத்திருந்து பார்த்தேன், வரவில்லை.

கேத்தியில் கேரட் கழுவும் இடத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னார். அங்கேயே ஒரு தகரக் கூரை வீட்டில் ஒரு பாதியை வாடகைக்குப் பிடித்தோம். அத்தையும் அக்காவும் வந்து பாத்திரங்களைச் சாக்கில் போட்டுக் கட்டித் தூக்கி, ரோடு வரைக்கும் கொண்டுவந்து வண்டியில் ஏற்றினார்கள். என் கையில் இருந்த சாக்கைக்கூட அத்தை வாங்கிக்கொண்டாள், என் முகத்தைப் பார்க்காமல்.

முதல் நாள் வேலைக்கு அம்மாவோடு நானும் போனேன். விடிந்தும் விடியாத பனி. லாரியிலிருந்து மண்ணோடு கொட்டின கேரட்டை இயந்திரம் உருட்டிக் கழுவித் தள்ள, தண்ணீர் ஓடும் சிமெண்டுத் தரையில் ஏழெட்டுப் பெண்கள் உட்கார்ந்து ரகம் பிரித்து மூட்டையில் போட்டார்கள். பாதிப் பேர் வடக்கிலிருந்து வந்தவர்கள், மற்றவர்கள் கேத்திப் பள்ளத்தாக்குக்காரர்கள், படுக மொழியில் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். யாருக்கும் அம்மாவைத் தெரியாது. அவரவர் மூட்டைக்கு அவரவர் கணக்கு. அம்மா ஒரு ஓரத்தில் சாக்கை விரித்து உட்கார்ந்து, சேலையை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு, பனிக்கட்டி மாதிரியான அந்தத் தண்ணீரில் கையை விட்டாள். அந்த இரண்டு விரலுக்கு மட்டும் குளிராது, அதிர்ஷ்டம்தான் என்றாள் என்னிடம்.

நான் கொஞ்சம் தள்ளி நின்றேன். படித்த படிப்பு போகுமா? என் கண் தானாகவே எல்லோருடைய கையையும் சுற்றி வந்தது. மற்றவர்களின் மூட்டைகள் ஏறிக்கொண்டிருந்தன, அம்மாவுடையது கால்வாசிகூட இல்லை. அவள் பக்கத்தில் ஒரு சின்ன வயதுப் பெண் உட்கார்ந்திருந்தாள். அவள் ஒருமுறை அம்மாவின் மூட்டையைப் பார்த்தாள், மேற்பார்வையாளர் நிற்கும் பக்கம் பார்த்தாள், மறுபடி குனிந்துகொண்டாள். நான் இன்னும் கொஞ்சம் கழுத்தை நீட்டினேன்.

அம்மா தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்.

"நீ கெளம்பு தம்பி. இங்க நிக்காத. எதையாச்சும் பாத்துத் தொலைப்ப, அப்புறம் அதையும் போயி எழுதிருவ."

பக்கத்தில் இருந்த பெண்ணுக்கு என்ன புரிந்ததோ, என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு அவர்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, பஸ் நிற்கும் மேட்டை நோக்கி ஏறினேன்.